ஒன்பது மணி வரி: குற்றச் சிறுகதையைப் பிரித்துப் படிக்கும் முறை

குற்றக் கதை ஒன்றைப் படித்து முடித்ததும் "கடைசியில ஒரு ட்விஸ்ட் வெச்சிருக்கார் பாரு" என்று சொல்கிறோம். கடைசியில் இருப்பது செய்திதான். திருப்பம் அதற்கு ரொம்ப முன்னாலேயே, நாம் நிற்காமல் தாண்டிப் போன ஏதோ ஒரு வரியில் வைக்கப்பட்டாகிவிட்டது. அந்த வரியைக் கண்டுபிடிப்பதுதான் அலசலின் முக்கால்வாசி வேலை.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு புதிய எழுத்தாளர். எங்கள் வாசிப்புக் குழுவில் அவர் தன் கதையைப் படித்து முடித்ததும், முடிவு திடுதிப்பென்று வந்து விழுகிறது, முன்னால் எந்தத் தடயமும் இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். "ஜன்னல் கம்பியில் ஈரத் துணி ஒன்று தொங்கியது." மழையில்லாத நாள், வீட்டில் யாரும் எதையும் துவைக்கவில்லை என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்பு என் காதில் விழுந்த வரிதான். வர்ணனை என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்றிலிருந்து குற்றக் கதைகளைப் பென்சிலோடு படிக்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அலசுவதற்குக் கையில் ஒரு கதை வேண்டும். அச்சில் வந்த நல்ல கதையை எடுத்தால், அதை இன்னும் படிக்காதவர்களுக்கு முடிவைச் சொன்ன பாவம் வந்துவிடும். அதனால் குழுவின் பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு குட்டிக் கதையைத் தருகிறேன். சுட்டிக்காட்ட வசதியாக எண் போட்டிருக்கிறேன். முதல் தடவை எண்களைப் பார்க்காமல் கதையாகவே படியுங்கள். 9 முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

1. பெரியவர் மாடி அறையில் படுத்த படுக்கையாக இருந்தார். தளர்ந்தது உடம்புதான், காது படு கூர்மை. எலி ஓடினாலும் "யாரது?" என்று கேட்டுவிடுவார்.

2. உயிலை மாற்றுவதற்காக மறுநாள் காலை பத்து மணிக்கு வக்கீல் வருவதாக இருந்தது.

3. சாயங்காலம் தம்பி மகன் வந்தான். அவனுக்குக் கழுத்து வரை கடன். மாடியில் அவன் குரல் உயர்ந்தது. "நாளைக்கு நாளைக்கு என்கிறீர்களே, நாளைக்கு நீங்கள் இருக்க வேண்டுமே!" என்று கத்தியது கீழே கூடம் வரை கேட்டது.

4. நர்ஸ் அதைக் காதில் வாங்காதவர் போல மேசையையும் அலமாரியையும் தடவிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டார். பெரியவரின் மகளும் குனிந்து நிமிர்ந்து தேடினாள். "விடுங்கள் நர்ஸம்மா, காலையில் பார்த்துக்கொள்ளலாம். ராத்திரியில் இனி கண்ணாடிக்கு என்ன வேலை?" என்றாள்.

5. ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. விளக்கு அணைந்தது.

6. தம்பி மகன் கீழ் அறையிலேயே படுத்துக்கொண்டான். நர்ஸுக்கு மாடியில் பக்கத்து அறை.

7. இரவு இரண்டு மணி. நர்ஸுக்கு விழிப்பு வந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம். ஒரு படி. நின்றது. இன்னொரு படி. மூச்சு வாங்கும் ஓசைகூடக் கேட்டது. பெரியவர் அறை வாசலில் சத்தம் நின்றது. கதவுக் குமிழ் மெல்லத் திரும்பியது. கதவு திறந்தது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

8. காலையில் பெரியவர் இறந்துகிடந்தார்.

9. "போனேன் சார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அசந்து தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்" என்றான் தம்பி மகன். கை நடுங்கியது. இன்ஸ்பெக்டர் நம்பியதாகத் தெரியவில்லை.

10. அடுத்து நர்ஸைக் கேட்டார். "ராத்திரி மாத்திரை கொடுத்தது நீங்கள்தானே?" "நான் தண்ணி எடுத்துக் கொடுத்தேன் சார். மாத்திரையை அவர் மகள்தான் பிரிச்சுக் கொடுத்தாங்க. கண்ணாடி இல்லாம அட்டையில எழுதியிருக்கிறது எனக்குத் தெரியாதே."

11. கண்ணாடி மகளின் மேசை இழுப்பறையில் இருந்தது. பழைய உயிலில் சொத்து முழுவதும் அவள் பேரில் இருந்தது.

முதல் வாசிப்பில் ஒரு சீட்டு

9-இல் நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முடிவு தெரிந்த பிறகு, தெரியாமல் இருந்த நம்மை எவ்வளவு முயன்றாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு கூசாமல் சொல்லும். அதனால் விடை வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி ஒரு சீட்டில் மூன்று விஷயங்களை எழுதிவிடுங்கள்: யார் மேல் சந்தேகம், எந்த இடத்தில் பயந்தேன், எது எனக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். புதுக் கதையில் எங்கே நிறுத்துவது என்று தெரியாது என்பீர்கள். விசாரிப்பவர் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டினாலோ, கதையில் அரைப் பக்கம்தான் பாக்கி என்றாலோ நிறுத்திவிடலாம்.

எங்கள் குழுவில் இந்தக் கதைக்கு வந்த சீட்டுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தம்பி மகன், இரவு இரண்டு மணி என்றுதான் இருந்தது. ஒருவர் நர்ஸ் என்று எழுதியிருந்தார். மகள் பெயர் எதிலும் இல்லை. இந்தச் சீட்டுதான் உங்கள் முதல் ஆதாரம். கதை உங்களை எங்கே பார்க்க வைத்தது, எங்கே பார்க்கவிடாமல் செய்தது என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

நடந்த வரிசையும் சொன்ன வரிசையும்

இரண்டாம் வாசிப்பை ஒரு தாளை நடுவில் மடித்துத் தொடங்குங்கள். இடப்பக்கம் சம்பவங்கள் நிஜத்தில் நடந்த வரிசை, வலப்பக்கம் கதை அவற்றைச் சொன்ன வரிசை. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இலக்கியத்தின் உருவத்தை ஆராய்ந்த விமர்சகர்களான ரஷ்ய உருவவாதிகள் இந்த இரண்டுக்கும் ஃபாபுலா, சுஜெட் என்று பெயர் வைத்தார்கள். பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாளை மடித்தால் போதும்.

நம் கதையின் இடப்பக்கம் இப்படி வரும். மகள் கண்ணாடியை எடுத்து இழுப்பறையில் வைக்கிறாள். தம்பி மகன் பெரியவரிடம் மன்றாடுகிறான். மகள் இல்லாத கண்ணாடியைத் தேடுகிறாள். ஒன்பது மணிக்கு அவளே மாத்திரை கொடுக்கிறாள். ஒன்பதுக்கும் இரண்டுக்கும் நடுவில் பெரியவர் இறந்துபோகிறார். இரண்டு மணிக்குத் தம்பி மகன் வந்து, இறந்தவரைத் தூங்குகிறவர் என்று நினைத்துத் திரும்புகிறான். வலப்பக்கத்தில் கண்ணாடியை எடுத்த சம்பவம் 11 வரை வருவதே இல்லை. மரணமும் நடந்த நேரத்தில் வரவில்லை, விடிந்த பிறகு செய்தியாக வருகிறது.

இரு பக்கங்களுக்கும் நடுவில் கோடு இழுத்து இணையுங்கள். இணை கிடைக்காமல் ஓட்டையாக நிற்கும் இடங்களில்தான் எழுத்தாளர் வேலை செய்திருக்கிறார். நல்ல குற்றச் சிறுகதையில் இப்படிப்பட்ட பெரிய ஓட்டை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஏழெட்டு இருந்தால் கதை மறைக்கவில்லை, குழப்புகிறது.

பதற்றத்தைச் சொற்களில் எண்ணுங்கள்

பதற்றம் என்றால் ஏதோ மாயம் போலப் பேசுகிறோம். காகிதத்தில் அது எண்ணக்கூடியது. கதைக்குள் எவ்வளவு நேரம் ஓடுகிறது, அதற்கு எத்தனை சொற்கள் செலவாகின்றன என்று பாருங்கள்.

5-ஆம் எண்ணில் ஒன்பது மணிச் சம்பவம் ஆறு சொற்களில் முடிந்துவிடுகிறது. ஒரு மனிதர் உயிரை விடக் காரணமான சம்பவம் அது. 7-இல் ஒரு நிமிடம்கூட ஆகாத படியேற்றத்துக்கு முப்பத்து மூன்று சொற்கள், பதினோரு வாக்கியங்கள். அவற்றில் "நின்றது" என்று ஒரே சொல்லில் ஒரு வாக்கியம். "ஒரு படி", "இன்னொரு படி" என்று வினையே இல்லாத வாக்கியங்கள் வேறு. வினை இல்லாததால் சம்பவம் முடிவதில்லை, வாசகர் அந்தப் படியிலேயே காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஏறுவது யார் என்றும் சொல்லவில்லை. சத்தம் ஏறுகிறது, சத்தம் வாசலில் நிற்கிறது. ஆளில்லாத சத்தத்துக்குத்தான் நாம் அதிகம் பயப்படுகிறோம்.

அப்புறம் யாருக்கு எவ்வளவு தெரியும் என்று கேளுங்கள். திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் சொன்ன மேசை உதாரணம் பிரபலமானது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது முன்பே தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். அதிர்ச்சிக்கு வாசகருக்குக் குறைவாகத் தெரிய வேண்டும், பதற்றத்துக்குப் பாத்திரத்தைவிட வாசகருக்கு அதிகம் தெரிய வேண்டும்.

நம் கதையில் 3-ஆம் எண் மேசைக்கு அடியில் ஒரு குண்டை வைக்கிறது. கடன்காரன், மிரட்டல் போன்ற ஒரு கூச்சல், மறுநாள் உயில். 7-இல் படுத்திருக்கும் பெரியவருக்குத் தெரியாத ஆபத்து நமக்குத் தெரியும் என்று நம்பித்தான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தக் குண்டு வெற்றுக் குண்டு. அசல் குண்டு ஆறு சொற்களில் வெடித்து முடிந்துவிட்டது.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இந்த இடம்தான். பதற்றம் ஒரு பாடம், திருப்பம் இன்னொரு பாடம் என்று தனித்தனியாக எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். இரண்டு மணி இல்லையென்றால் ஒன்பது மணி மறையாது. பதற்றம்தான் திருப்பத்தின் மேல் போர்த்திய போர்வை. அதனால் எந்தக் கதையானாலும் சீட்டில் "இங்கே பயந்தேன்" என்று எழுதிய இடத்துக்குப் போங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து, கடைசியாகச் சாதுவாகத் தாண்டிய வரியில் நில்லுங்கள். பல கதைகளில் திருப்பத்தின் ஆணி அங்கேதான் அடித்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. கதையை முன்பின்னாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். "மகள் நர்ஸின் கண்ணாடியை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்" என்று தொடங்கினால் என்ன ஆகும்? திருப்பம் காணாமல் போகும், ஆனால் பதற்றம் சாகாது. வேறு உருவம் எடுக்கும்: நர்ஸ் இழுப்பறையைத் திறப்பாரா? தம்பி மகன் மாட்டிக்கொள்வானா? குற்றத்தை முதலில் காட்டிவிட்டு அதைத் துப்பறிவதைப் பின்னால் சொல்லும் முறையை ஆங்கில எழுத்தாளர் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இல் வெளியிட்ட தொகுப்பில் முயன்று பார்த்தார். அது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. நீங்கள் அலசும் கதை எந்த வகை என்று தெரியாமல் "திருப்பம் இல்லை" என்று குறை சொல்லிவிடக் கூடாது.

திருப்பத்தின் ஆணி

அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொன்னார். ஒன்று நிலைமை தலைகீழாவது. மற்றது தெரியாதது தெரியவருவது. இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதுதான் சிறந்தது என்றார். நாடகத்தைப் பற்றிச் சொன்னதுதான், குற்றக் கதைக்கும் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. 10-இல் நர்ஸ் பேசும்போது மாத்திரையைக் கொடுத்தது யார் என்று தெரியவருகிறது. தம்பி மகன் குற்றவாளியிலிருந்து சாட்சியாகத் தலைகீழாவதும் அதே பேச்சில்தான். 11 அதற்கு உறுதி மட்டும்.

ஆணி 5-ஆம் எண்ணில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

தமிழ் வினைமுற்று யார் செய்தார் என்பதை வாலிலேயே சுமந்துகொண்டு வரும். கொடுத்தேன், கொடுத்தாள், கொடுத்தான், கொடுத்தார். எழுவாயை விட்டுவிட்டாலும் வால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தமிழில் குற்றவாளியை ஒளித்துவைப்பது லேசான வேலையில்லை. "கொடுத்தாயிற்று" என்ற உருவம் அந்த வாலை விழுங்கிவிடுகிறது. நாள் முழுக்க நாம் சொல்லியாச்சு, பூட்டியாச்சு, அனுப்பியாச்சு என்று பேசுவதால் யாருக்கும் அது உறுத்துவதில்லை. கேட்டவுடன் நம் மூளையே ஆளைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது: மாத்திரை என்றால் நர்ஸ். கதை அப்படிச் சொல்லவே இல்லை.

அடுத்தது "விளக்கு அணைந்தது". இது தன்வினை. அணைத்தாள் என்று பிறவினையில் சொன்னால் ஒரு கை தெரிந்திருக்கும். அணைந்தது, உடைந்தது, கவிழ்ந்தது, விழுந்தது: குற்றக் கதையில் இந்த வகை வினை எதைக் கண்டாலும் வட்டம் போடுங்கள். தானாக நடந்ததா, ஒருவர் நடத்தியதா என்று ஓரத்தில் எழுதுங்கள். "அவர்" என்ற சொல்லையும் விடாதீர்கள். மரியாதைப் பன்மை ஆணா பெண்ணா என்று சொல்லாது. "அவர் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்" என்ற வரியில் நீங்கள் மீசை வைத்துப் படித்திருந்தால், மீசை வைத்தவர் நீங்கள்தான்.

வட்டம் போடும்போது ஒன்று தெரியும். 7-இலும் ஆள் ஒளிந்துதான் இருக்கிறான். "குமிழ் திரும்பியது", "கதவு திறந்தது". ஆனால் அங்கே ஒளித்திருப்பது ஊருக்கே தெரிகிற மாதிரி ஒளித்தது. யாரது யாரது என்று நம்மைக் கேட்க வைக்கும் ஒளிப்பு. 5-இல் இருப்பது சத்தமில்லாத ஒளிப்பு, கேள்வியே எழுவதில்லை. ஒரு கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே இன்னொரு கையால் எடுத்துப் போவது போல.

3-ஆம் எண்ணின் கூச்சலையும் இப்படிப் பிரிக்க வேண்டும். "நாளைக்கு நீங்கள் இருக்க வேண்டுமே!" முதல் வாசிப்பில் மிரட்டல். முடிவு தெரிந்து படித்தால் கெஞ்சல். உயில் அவனுக்குச் சாதகமாக மாறப் போகிறது, பெரியவர் அதற்குள் போய்விடுவாரோ என்ற பயத்தில் வக்கீலை இன்றைக்கே கூப்பிடச் சொல்கிறான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. இரண்டு அர்த்தமும் முழுசாகப் பொருந்துகிற வரியைக் கண்டால் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கீழே இரண்டு வரியில் இரண்டு அர்த்தத்தையும் எழுதுங்கள். அலசல் கட்டுரைக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது.

இல்லாததைப் பாருங்கள்

ஆர்தர் கோனன் டாயல் 1892-இல் எழுதிய குதிரைக் கதை ஒன்றில், இரவில் நாய் குரைக்காததுதான் முக்கியத் தடயம். வந்தவன் நாய்க்குத் தெரிந்தவன். நடந்ததை மட்டும் தேடுகிற கண்ணுக்கு, நடக்க வேண்டியது நடக்காமல் போனது படாது.

நம் கதையில் அந்த நாய் எங்கே? 1-ஆம் எண்ணில் எலிக்கே "யாரது?" என்று கேட்கும் மனிதர், 7-இல் படி ஏறி, மூச்சு வாங்கி, குமிழைத் திருப்பி ஒருவன் உள்ளே வந்தும் வாய் திறக்கவில்லை. "எந்தச் சத்தமும் இல்லை" என்பதை நாம் பயங்கரத்தின் அமைதி என்று படித்தோம். கதை அங்கேயே மரணச் செய்தியைச் சொல்லிவிட்டது. இதைப் பிடிக்க எளிய வழி: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கதை சொல்லும் பழக்கத்தை ஒரு ஓரத்தில் குறித்துவையுங்கள். எப்போது அந்தப் பழக்கம் தவறுகிறது என்று பின்னால் பாருங்கள்.

நியாயமா, ஏமாற்றா

ஏமாந்த வாசகருக்குக் கோபம் வருவதும், சிரித்துக்கொண்டே தலையில் தட்டிக்கொள்வதும் எழுத்தாளர் நேர்மையாக ஆடினாரா என்பதைப் பொறுத்தது. 5-இல் "நர்ஸ் மாத்திரை கொடுத்தார்" என்று எழுதியிருந்தால் அது பச்சைப் பொய். பாத்திரங்கள் பொய் சொல்லலாம், கதை சொல்லும் குரல் பொய் சொல்லக் கூடாது. விஷயத்தைச் சொல்லாமல் விடலாம், மாற்றிச் சொல்லக் கூடாது. பொய் சொல்கிற ஆளே கதையைச் சொல்வதாக இருந்தால் கணக்கு வேறு. அப்போதும் அவர் நம்பத் தகாதவர் என்பதற்கு எங்காவது ஒரு விரிசல் தெரிய வேண்டும்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதியவர், 1929-இல் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் உடனே வாசகர் கண்ணுக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பத்தில் சில இன்றைக்குப் பொருந்தாது, இது பொருந்தும். இதை வைத்து நம் கதையை உரசினால், கண்ணாடி தொலைந்தது 4-இலேயே நம் முன்னால் நடக்கிறது, அது சரி. மாத்திரை, அமைதி, எல்லாம் சரி. ஆனால் பழைய உயிலில் சொத்து யார் பேரில் என்பது 11-இல்தான் வருகிறது. இது இந்தக் கதையின் குறை. உயில் மாறுகிறது என்றால் யாரோ ஒருவருக்கு நஷ்டம் என்று கூர்மையான வாசகர் ஊகிக்கலாம் என்றாலும், 2-இல் ஒரு சின்னச் சொற்றொடர் வைத்திருக்க வேண்டும். அலசலில் இப்படிக் குறையையும் எண்ணோடு சொல்லுங்கள். "முடிவு எனக்குத் திருப்தியாக இல்லை" என்பதைவிட "நோக்கம் 11-க்கு முன் எங்கும் இல்லை" என்பது எழுதியவருக்கும் உதவும்.

பொய்த் தடயத்துக்கும் ஒரு சோதனை உண்டு. முடிவுக்குப் பிறகு அந்தப் பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் அங்கே சொந்த வேலை இருந்ததா? தம்பி மகன் இரண்டு மணிக்கு ஏறியது மன்னிப்புக் கேட்க. கத்திவிட்டுத் தூக்கம் வராத மனிதன் செய்யக்கூடியதுதான். நம்மைத் திசைதிருப்புவதற்காக மட்டும் ஒருவனைப் படி ஏற்றியிருந்தால் அது மலிவான வேலை.

எழுத உட்காரும்போது

கதைச் சுருக்கத்தில் தொடங்காதீர்கள். ஆணி வரியை மேற்கோளாகப் போட்டுத் தொடங்குங்கள். என் குறிப்பேட்டில் இந்தக் கதைக்கு முதல் பத்தி இப்படி இருக்கிறது: "'ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுத்தாயிற்று' என்ற வரியில் கொடுத்தவர் இல்லை. வாசகர் அந்த இடத்தில் நர்ஸை நிறுத்திக்கொள்கிறார். அந்தத் தவறு வெளியே வராமல் இருக்க, இரண்டு மணிக் காட்சி அவர் கவனத்தை ஐந்து மணி நேரம் தள்ளி இழுத்துப் போகிறது." இதற்குப் பிறகு ஆதாரங்களை எண் வாரியாக அடுக்கினால் போதும். "விறுவிறுப்பான நடை", "எதிர்பாராத முடிவு" போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, எந்த வரி, எத்தனை சொல், எந்த வினை என்று எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் தாளை எடுத்து வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மூன்றாம் முறை படியுங்கள். இந்தத் தடவை பேச்சுகளை மட்டும், மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும். வர்ணனை துணைக்கு இல்லாதபோது பேச்சு தனியாக நின்று வேறு மாதிரி கேட்கும்.

இதை எனக்குக் காட்டியது குழுவுக்கு வரும் ஒரு கல்லூரி மாணவி. எல்லோரும் 5-ஆம் எண்ணைப் பேசித் தீர்த்துவிட்டோம் என்று நான் நினைத்திருந்தபோது, அடுத்த வாரம் அவர் 4-ஆம் எண்ணோடு வந்தார். "ராத்திரியில் இனி கண்ணாடிக்கு என்ன வேலை?" என்று மகள் கேட்கிறாளே, வேலை இருக்கிறதே என்றார். ஒன்பது மணி மாத்திரை பாக்கி இருக்கிறது. அட்டையைப் படித்துப் பார்த்துக் கொடுப்பதுதான் நர்ஸின் வேலை. அந்த வேலையை இன்றைக்கு நர்ஸ் செய்யப் போவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்த ஒருத்திக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். எழுதும்போது ஆறுதல் வார்த்தை என்று நினைத்துத்தான் அதை எழுதினேன். இப்போது என் பிரதியில் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. இரண்டாவது கோடு அந்த மாணவி போட்டது.